ஒருத்தரும் சாகாத சண்டை

பாரிஸின் பஜோல் வீதியில் முன்பு ரயில்வேச் சரக்குக் கொட்டகையாக இருந்த நீண்ட கட்டடத்தில் 2013 முதல் வாட்ஸ்லாவ் ஹவெல் நூலகம் இயங்குகிறது. லாச்சப்பல் கடைத்தெருவில் முருங்கைக்காயும் கத்தரிக்காயும் வாங்கிய பையோடு அங்கே நடந்தே போய்விடலாம். சனிக்கிழமைகளில் தங்கையின் மகளை நான்தான் கூட்டிப்போகிறேன். ஒன்பது வயது. மற்றத் தட்டுகளை ஏறிட்டும் பார்க்காமல் நேரே ‘பேதே’ தட்டுக்குப் போவாள். பிரெஞ்சுக்காரர் சித்திரக்கதையை அப்படித்தான் சுருக்கிச் சொல்வார்கள். ஒருநாள் அஸ்தெரிக்ஸ் ஆல்பம் ஒன்றை வாசித்து முடித்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

“மாமா, இந்தச் சண்டையில ஒருத்தரும் சாகேல்லை.”

“ஓம் பிள்ளை. இந்தக் கதையில ஒருத்தரும் சாகிறேல்லை.”

“அப்ப அம்மா சொல்லுற சண்டையில?”

அந்த நேரத்தில் எனக்குப் பதில் வரவில்லை. புத்தகத்தை வாங்கித் தட்டில் வைத்துவிட்டு அவளைக் கூட்டிக்கொண்டு வந்தேன். அதன் பிறகு, அந்தத் தட்டில் இருந்த சிரிப்பு நாயகர்களை எல்லாம் எடுத்து, சின்ன வயதில் வாசித்தவற்றையும் சேர்த்து, மறுபடி வாசித்தேன். இலங்கைப் போரிலிருந்து தப்பி வந்தவர்களின் பிள்ளைகளுக்கு அடிதடியை விளையாட்டாகக் காட்டலாமா? அளவில்லாத பலத்தை வைத்துச் சிரிக்கும் கதைகளுக்கு, பலத்தை வைத்து அழும் கதைகளுக்குள்ள மதிப்பு உண்டா? இந்த இரண்டு கேள்விகளுக்கும் நேராகப் பதில் சொல்வதற்காகவே இதை எழுதுகிறேன்.

பிரான்சில் இந்தச் சிரிப்பு நாயகர்கள் பெருகியதற்குப் பின்னால் ஒரு சட்டமும் இருக்கிறது. 1949 ஜூலை 16ல் சிறுவர் வெளியீடுகளுக்கென்று ஒரு சட்டம் வந்தது. கொள்ளை, பொய், கோழைத்தனம், வெறுப்பு போன்றவற்றை நல்லவையாகக் காட்டும் எதையும் சிறுவர் இதழில் அச்சிடக்கூடாது என்றது அது. கண்காணிக்க ஒரு குழுவும் அமைந்தது. அமெரிக்கப் பாணி முகமூடி வீரர்களை அந்தக் குழு கடுமையாகவே பார்த்தது. லியோனில் இருந்த லுக் பதிப்பகம் 1969ல் ‘ஃபான்தாஸ்க்’ என்ற இதழில் ஸ்பைடர்மேன் முதலியோரைக் கொண்டுவந்தபோது, குழுவின் நெருக்குதலால் அது 7 இதழ்களோடு நின்றுபோனது. அடுத்த ஆண்டு அதே பதிப்பகம் ‘ஸ்ட்ரேஞ்ச்’ இதழைத் தொடங்கி விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது என்றாலும், கனத்த முகமூடி வீரனுக்கு இந்த நாட்டில் வாசல் எளிதாகத் திறக்கவில்லை. சிரிக்கவைத்த பலசாலிக்கோ அது எப்போதும் திறந்தே கிடந்தது.

பழைய பிரான்சில் ரோமருக்கு அடிபணியாத கோலர் ஊரின் வீரன் அஸ்தெரிக்ஸை அதிசய சக்தி நாயகர்களோடு சேர்க்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. சேர்க்கத்தான் வேண்டும். மந்திரக் கஷாயம் ஒரு மிடறு குடித்தால் படையையே புரட்டி எடுக்கும் பலம் வருகிறது; சூப்பர்மேனிடம் இதைவிடப் பெரிதாக எதுவும் இல்லை. வித்தியாசம் அந்தப் பலம் இருக்கும் இடத்தில்தான். ஊர்ப் பூசாரி பனோராமிக்ஸ் காய்ச்சும் கஷாயம் ஊர் முழுவதற்கும் பொது. மீன் விற்பவனும் கொல்லனும் வரிசையில் நின்று வாங்கிக் குடிக்கிறார்கள். கொஞ்ச நேரத்தில் அது இறங்கிவிடுகிறது. நிரந்தரமாகப் பலம் பெற்ற ஒரே ஆள், குழந்தையாக அண்டாவுக்குள் விழுந்த ஒபெலிக்ஸ். அவனுக்கோ இன்னொரு மிடறு கிடைக்கவில்லையே என்ற ஏக்கம். தேர்ந்தெடுக்கப்பட்ட ஒருவன் ஊரைக் காப்பாற்றுவான் என்ற எண்ணத்துக்கே இந்தக் கதையில் இடமில்லை. சண்டை முடிந்ததும் அதே ஊரார் மீன் நாறுகிறது என்று தங்களுக்குள் அடித்துக்கொள்கிறார்கள். பலத்தால் சண்டையை வெல்லலாம், அயலவனோடு ஒத்துவாழ அது ஒரு துளியும் உதவாது என்பதைத் திரும்பத் திரும்பக் காட்டும் வேறு நாயகக் கதை எனக்குத் தெரியாது.

இந்த நாயகன் பிறந்த இடம் லாச்சப்பலில் இருப்பவர்களுக்கு நன்றாகத் தெரிந்த இடம். 1959ல், பொபினியில் ஒரு மாடிக் குடியிருப்பில், ரெனே கொசினியும் அல்பேர் உடெர்சோவும் இவனை உருவாக்கினார்கள். அந்த ஆண்டு அக்டோபர் 29ல் ‘பிலோத்’ இதழின் முதல் எண்ணில் அவன் வெளிவந்தான். இன்று கார் து நோரில் 5ஆம் இலக்க மெத்ரோ ஏறினால் கடைசித் தரிப்பிடம் பொபினி. வதிவிட அட்டைக்காக அங்குள்ள பிரிபெக்சருக்குப் போய்வந்த தமிழர் ஆயிரக்கணக்கில் இருப்பார்கள். உடெர்சோவின் பெற்றோர் இத்தாலியிலிருந்து வந்தவர்கள். கொசினி பாரிஸில் பிறந்த யூதர். பெற்றோர் கிழக்கு ஐரோப்பாவிலிருந்து வந்தவர்கள். புவெனஸ் அயர்ஸில் வளர்ந்து, நியூயார்க்கில் வேலை தேடி அலைந்து, திரும்பி வந்தவர். பிரெஞ்சு மண்ணின் மைந்தன் என்று இந்த நாடே கொண்டாடும் கோலனை வந்தேறிகளின் பிள்ளைகள் இருவர் வரைந்தார்கள். 1961ல் முதல் ஆல்பம் 6,000 பிரதிகள் அச்சானது. இப்போது நூற்றுக்கும் மேற்பட்ட மொழிகளிலும் வட்டார வழக்குகளிலும் அது கிடைக்கிறது.

இனி மருமகளின் கேள்வி. அஸ்தெரிக்ஸில் ரோமப் படைவீரர்கள் செருப்பைத் தரையில் விட்டுவிட்டு வானத்துக்குப் பறக்கிறார்கள், பல் கொட்டுகிறது, கண் வீங்குகிறது. யாரும் சாவதில்லை. முள்ளிவாய்க்காலைத் தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டு இந்தத் தெருவில் நின்று அழுத ஒருவருக்கு இது கோபமூட்டலாம். அந்தக் கோபத்தை நான் மதிக்கிறேன். ஆனால் கொசினியின் வாழ்க்கையை அறிந்த பிறகு அதை அப்படியே ஏற்க என்னால் முடியவில்லை. அவருடைய தாய்வழிக் குடும்பம் பாரிஸில் அச்சகம் நடத்தியது. அவர் அர்ஜென்டினாவில் இருந்த ஆண்டுகளில், தாயின் உடன்பிறந்தோர் மூவர் நாசிகளால் பிடிக்கப்பட்டு முகாம்களில் மாண்டார்கள். ஆக்கிரமிப்பு என்றால் என்ன என்று அந்த வீட்டுக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. போர் முடிந்து 14 ஆண்டுகளில், ஆக்கிரமிக்கப்பட்ட நாட்டில் அடிபணியாத ஒரு சிற்றூரை அவர் எழுதியபோது, அங்கே சாவை விலக்கி வைத்தது அறியாமையால் அல்ல. சாவைத் தெரிந்த ஒருவர், சாவில்லாத ஓர் ஊரைப் பிள்ளைகளுக்குக் கட்டிக்கொடுத்தார் என்றே நான் வாசிக்கிறேன்.

எதிர்த்தட்டையும் பார்க்க வேண்டும். 1992ல் சூப்பர்மேன் இறந்தார். கறுப்புப் பட்டி, இறுதி ஊர்வலம், கண்ணீர் எல்லாம் வந்தன. 1993ல் திரும்பி வந்தார். இந்தவகைக் கதைகளில் மாடிக் கட்டடங்கள் சரிகின்றன. அடுத்த மாத இதழில் நகரம் புதிதாக நிற்கிறது. உள்ளே இருந்தவர்களை யாரும் எண்ணுவதில்லை. காணாமல் போன மகனின் படத்துக்கு இன்றும் விளக்கு வைக்கும் ஒரு தாயின் பக்கத்தில் இருந்து பார்த்தால், எந்தக் கதை பொய் சொல்கிறது? அஸ்தெரிக்ஸ் தான் விளையாட்டு என்று முதல் பக்கத்திலேயே சொல்லிவிடுகிறது. மற்றது சாவைப் பற்றிப் பேசுவதாகச் சொல்லிக்கொண்டு, சாவைத் திருப்பி எடுக்கக்கூடிய ஒன்றாக்குகிறது. கனத்த கதைகள் எல்லாமே இப்படி என்று சொன்னால் அநியாயம். அலன் மூரும் டேவ் கிப்பன்ஸும் 1986ல் தொடங்கிய ‘வாட்ச்மென்’ பிணங்களைக் கண்ணெதிரே காட்டி, கணக்கைக் கேட்கிறது. அது ஒரு பெரிய படைப்பு. ஆனால் அதன் தரத்துக்கு வரும் கனத்த கதைகள் மிகக் குறைவு. மீதி, கனத்தை உடையாக மட்டும் அணிந்தவை.

நாங்கள் வளர்ந்த கதைகளும் அந்த வரிசையில்தான் வருகின்றன. சிவகாசியிலிருந்து 1972ல் முத்து காமிக்ஸ் தொடங்கியபோது வந்த இரும்புக்கை மாயாவி, பிறகு லயன் காமிக்ஸ் கொண்டுவந்த ஸ்பைடர், இருவரும் பிரிட்டிஷ் வார இதழ்களிலிருந்து வந்த முகம் சுளித்த வீரர்கள். ஸ்பைடருக்குச் சில காலம் கதை எழுதியவர் சூப்பர்மேனைப் படைத்த இருவரில் ஒருவரான ஜெர்ரி சீகல். சின்ன வயதில் மூச்சை அடக்கிக்கொண்டு வாசித்தேன். இன்று எடுத்தால் ஆசை போகவில்லை, நம்பிக்கை போய்விட்டது. அதே சிவகாசியிலிருந்து வந்த கவ்பாய் லக்கி லூக்கோ இன்றும் அப்படியே சிரிக்கவைக்கிறான். காரணத்தைப் பெரியவனான பிறகுதான் அறிந்தேன்: 1955 முதல் 1977 வரை லக்கி லூக்குக்குக் கதை எழுதியவரும் கொசினிதான். பிரான்சுக்கு வருவதற்கு முன்பே தமிழில் அவரை வாசித்திருக்கிறோம்.

சிரிப்பு எங்கே உச்சம் தொடுகிறது என்று கேட்டால் நான் காட்டுவது புத்தகத்தை அல்ல, 1976ல் வந்த ‘அஸ்தெரிக்ஸின் பன்னிரண்டு பணிகள்’ என்ற கார்ட்டூன் படத்தின் ஒரு பகுதியை. பலம், வேகம், அச்சம் எல்லாவற்றையும் வென்ற இருவரும் ஓர் அரசாங்கக் கட்டடத்துக்குள் போகிறார்கள். ஏ 38 என்ற அனுமதிச்சீட்டு வேண்டும். அதற்கு முதலாம் மாடி, அங்கிருந்து இன்னொரு சன்னல், அங்கே இன்னொரு நிறப் படிவம். ஒபெலிக்ஸின் கைகளால் செய்யக்கூடியது ஒன்றுமில்லை. மூளை குழம்பும் கட்டத்தில் அஸ்தெரிக்ஸ் ஒரு வழி கண்டுபிடிக்கிறான்: ஏ 39 என்று இல்லாத ஒரு படிவத்தை, இல்லாத ஒரு சுற்றறிக்கையின்படி கேட்கிறான். அலுவலகம் முழுதும் தன் குழப்பத்தில் தானே சுழன்று விழுகிறது. பிரெஞ்சுக்காரர்கள் இன்றும் அலுவலக அலைச்சலுக்கு ‘ஏ 38’ என்று சொல்கிறார்கள். படிவம், முத்திரை, இன்னொரு நாள், இன்னொரு வரிசை என்று அலைந்த எந்தப் பெற்றோரும் இந்தக் காட்சியைப் பிள்ளைகளோடு இருந்து பார்த்தால், யாருடைய பக்கத்தில் இந்தச் சிரிப்பு நிற்கிறது என்று விளக்கத் தேவையில்லை. எந்தச் சூப்பர்மேனாலும் உடைக்க முடியாத சுவர் ஒன்று உலகத்தில் உண்டு என்பதை ஒத்துக்கொள்ளும் நேர்மை இந்தச் சிரிப்புக் கதைக்கு இருக்கிறது.

இந்த இடத்தில் என் உரைகல்லைச் சொல்லிவிடுகிறேன். பலத்தைப் பார்த்துச் சிரிக்கும் கதை உயர்ந்தது. பலமில்லாத ஆளைப் பார்த்துச் சிரிக்கும் கதை தாழ்ந்தது. இதை வைத்து உரைத்தால் ஒரே நாயகனின் புத்தகங்களுக்குள்ளேயே பொன்னும் பித்தளையும் பிரிகின்றன.

‘சூப்பர்தூப்போன்’ இந்த உரைகல்லில் நன்றாகத் தேறுகிறான். ஜாக் லோபும் மார்செல் கொத்லிபும் 1972ல் பிலோத் இதழில் உருவாக்கிய இந்த வீரனுக்குப் பெரே தொப்பி, மீசை, கையில்லாத பனியன், ஊக்கால் குத்திய மூவர்ண இடைப்பட்டி, வீட்டுக்குள் போடும் துணிச்செருப்பு. எதிரிக் கும்பலின் பெயர் ‘அன்ரி-பிரான்ஸ்’. அவர்கள் பல நாட்டுச் சொற்களைக் கலந்து ஒரு பாஷை பேசுகிறார்கள். அந்நியன் எது செய்தாலும் பிரான்சுக்கு எதிரான சதி என்று துள்ளிக் குதிக்கும் தேசாபிமானத்தின் மேல்தான் இங்கே அடி விழுகிறது. லாச்சப்பலில் சாம்பார் வாசமும் ஊதுபத்தி வாசமும் சேர்ந்து வரும் தெருவில் நடக்கும் நாங்கள் அந்த வீரனின் கண்ணுக்கு அன்ரி-பிரான்ஸ்தான். இருந்தும் அவனை வாசிக்கும்போது எங்களுக்குக் காயம் படுவதில்லை. சிரிப்பின் நுனி அவனை நோக்கியே இருக்கிறது. இவனிடம் நான் காணும் குறை வேறு. அந்தக் காலத்து பிரெஞ்சு விளம்பரம், பள்ளிப் பாடநூல், அரசியல் பேச்சு எல்லாம் தெரிந்திருந்தால்தான் பாதிச் சிரிப்பு பிடிபடும். கேலி என்று தெரியாதவன் கையில் கிடைத்தால் அந்த மூவர்ண வீரன் நிஜ வீரனாகவே தெரிவான். பெரியவர்களுக்கான புத்தகம், அதிலும் இந்த நாட்டில் நீண்ட நாள் வாழ்ந்தவர்களுக்கான புத்தகம்.

சின்னப் பிள்ளைக்கு முதலில் கொடுக்கத்தக்கவன் பெனுவா பிரிஸ்ஃபேர். ஸ்மர்ஃப்களைப் படைத்த பெல்ஜியக்காரர் பேயோ 1960ல் ‘ஸ்பீரூ’ இதழில் இவனைக் கொண்டுவந்தார். கழுத்தில் சால்வை, தலையில் தொப்பி, பெரியவர்களுக்குப் பணிவு. காரைத் தூக்குவான், சுவரை உடைப்பான். தடிமன் பிடித்தால் பலம் முழுதும் போய்விடும்! சொல்வதைப் பெரியவர்கள் ஒருவரும் நம்புவதில்லை என்பதுதான் அவனுடைய உண்மையான துன்பம். முகமூடியும் ரகசியப் பெயரும் இல்லாத இந்தப் பிள்ளையைப் பார்த்துச் சிரிக்கும் பிள்ளை, தன்னையே பார்த்துக்கொள்கிறது. புலம்பெயர்ந்த வீட்டில் பிரெஞ்சுக் கடிதத்தைப் பெற்றோருக்கு வாசித்து விளக்கும் பொறுப்பு ஒன்பது வயதிலேயே வந்துவிடுகிறது. தன் வயதுக்கு மீறிய சுமை சுமந்தும் சின்னப்பிள்ளையாகவே நடத்தப்படுவதன் வலி அந்தப் பிள்ளைகளுக்குப் புரியும். பேயோ அதை அழவைக்காமல் எழுதினார்.

கறையையும் சொல்ல வேண்டும். அஸ்தெரிக்ஸ் ஆல்பங்களில் கடற்கொள்ளைக் கப்பலின் பாய்மர உச்சியில் ஒரு கறுப்பின மனிதன் நிற்கிறான். தடித்த சிவந்த உதடு. ‘ர’ ஒலிகளை விழுங்கிய பேச்சு. அந்தக் கப்பல்காரர்கள் ‘செந்தாடி’ என்ற வேறொரு சித்திரக்கதையின் கேலிப் பிரதிகள் என்று ரசிகர்கள் வாதாடுவார்கள். அது உண்மைதான், ஆனால் கறை அதனால் போகவில்லை. சிரிப்பு அந்த இடத்தில் பலமானவனை விட்டுவிட்டு, உருவத்தையும் உச்சரிப்பையும் பிடித்துக்கொள்கிறது. எங்கள் உச்சரிப்பைப் பார்த்துச் சிரித்தவர்களை நாங்கள் மறக்கவில்லை. இன்னொருவனின் உச்சரிப்பு என்றால் மட்டும் எப்படிச் சிரிக்க முடியும்? மருமகளோடு வாசிக்கும்போது அந்தப் பக்கங்களில் நிறுத்தி, இது பிழை என்று சொல்லிவிட்டே மேலே போகிறேன்.

கொசினி இறந்தபின் உடெர்சோ தனியாக எழுதி வரைந்த 1987ஆம் ஆண்டு ஆல்பத்தில் அஸ்தெரிக்ஸ் இந்தியாவுக்கே வருகிறான். பறக்கும் கம்பளம், பக்கிரி, யானை, புலி, சூழ்ச்சிக்காரக் குரு, மழை இல்லாவிட்டால் பலியாகப் போகும் இளவரசி. இந்தியா முழுதும் ஒரு வாழ்த்து அட்டைக்குள் அடங்கிவிட்டது. மனிதர்களுக்கு முகம் இல்லை, உடை மட்டும் இருக்கிறது. கோலர்களின் ஊரில் மீன் விற்பவனுக்குக் கூடக் குணம் உண்டு. இங்கே அரசனுக்கும் இல்லை. தொடரின் பலவீனமான புத்தகங்களில் இது ஒன்று என்பதே என் முடிவு. ஆனாலும் அதன் நடுவே ஓர் அழகான எண்ணம் கிடக்கிறது. விருந்துகளில் பெரும்பாலும் ஊரார் வாயைக் கட்டி ஒதுக்கிவைக்கும் கோலர் ஊர்ப் பாடகன், அவன் பாடினால் மழை வரும் என்பதால், ஒரு நாட்டுக்கே தேவைப்படுகிறான். எட்டயபுரத்தில் முத்துசுவாமி தீட்சிதர் அமிர்தவர்ஷிணி பாடி மழை வருவித்த கதையைக் கேட்டு வளர்ந்த நாங்கள் இதை எளிதாக ரசிப்போம். கொசினி உயிரோடு இருந்திருந்தால் கதையை அந்தப் பாடகனைச் சுற்றியே பின்னியிருப்பார் என்று எனக்குத் தோன்றுகிறது.

இந்தச் சிரிப்பு நாயகர்கள் தொட முடியாத எல்லை ஒன்றும் உண்டு. அதற்கு எடுத்துக்காட்டு லாச்சப்பல் மெத்ரோ வாசலிலேயே இருக்கிறது. புஃப் து நோர் நாடக அரங்கில் பீட்டர் புரூக்கின் மகாபாரதம், 1985ல் அவிஞ்ஞோனில் அரங்கேறிய பிறகு, ஆடப்பட்டது. செனகலைச் சேர்ந்த மமது தியூமே பீமனாக நடித்தார். பீமனை எடுத்துக்கொள்ளுங்கள். பகாசுரனுக்குக் கொண்டுபோன வண்டிச் சோற்றைத் தானே உண்ணும்போது அவன் ஒபெலிக்ஸின் அண்ணன். எங்கள் ஊர்க் கூத்திலும் அந்தக் கட்டத்துக்குச் சிரிக்காத பிள்ளை இல்லை. அதே பீமன் போர்க்களத்தில் துச்சாதனனின் நெஞ்சைப் பிளக்கிறான். ஒரே உடம்பில் சிரிப்பும் கொடூரமும். நகைப்பூட்டிய அந்தப் பலம் எவ்வளவு பயங்கரமானது என்பது அப்போதுதான் உறைக்கிறது. ஒபெலிக்ஸால் ஒருநாளும் அங்கே போக முடியாது. மெல்லிய சிரிப்புக் கதையை முதல்தரம் என்று சொல்லும்போது இதை மறைக்கக் கூடாது: அதன் வாசகன் ஒருநாள் வியாசனிடமும் வில்லிபுத்தூராரிடமும் போய்த்தான் ஆக வேண்டும்.

அப்படிப் போகும் வழியில் சிரிப்பு ஓர் இழிவான தரிப்பிடம் அல்ல. சிவஞானசுந்தரம் 1960களில் தொடங்கிய ‘சிரித்திரன்’ இதழை நெருக்கடியான ஆண்டுகளிலும் விடாமல் நடத்தினார். அதன் கார்ட்டூன் பாத்திரங்களான சவாரித் தம்பரையும் சின்னக்குட்டியையும் பார்த்து யாழ்ப்பாணம் சிரித்தது. எல்லாம் நன்றாக இருந்ததால் சிரித்த சனம் அல்ல அது.

என் தீர்ப்பு இதுதான். கொசினி எழுதிய 24 அஸ்தெரிக்ஸ் ஆல்பங்களை, பாய்மர உச்சியில் நிற்பவனை வரைந்த விதத்தை மன்னிக்காமலே, முதல் வரிசையில் வைக்கிறேன். சாவைத் திருப்பி எடுக்கும் கனத்த வீரக்கதைகளை விட அவை மரணத்துக்கு அதிக மரியாதை செய்கின்றன. பெனுவா பிள்ளைகளுக்கான முதற்புத்தகம். சூப்பர்தூப்போன் பெரியவர்களுக்கு. இந்திய ஆல்பத்தை வாங்க வேண்டாம், இரவல் எடுத்தால் போதும். பாரிஸ் நகர நூலகங்களில் புத்தகம் இரவல் எடுக்கப் பணம் கேட்பதில்லை.

மருமகளுக்கு இப்போது காட்டியிருப்பது 24ஆவது ஆல்பம், பெல்ஜியர் நாட்டில் நடப்பது. அதை உடெர்சோ வரைந்துகொண்டிருந்த காலத்தில், 1977 நவம்பர் 5ல், 51 வயதில் கொசினி மாரடைப்பால் இறந்தார். புத்தகத்தின் பிற்பகுதியில் வெயில் மறைந்து வானம் இருண்டு மழை பெய்யத் தொடங்குகிறது. நண்பன் போன துயரத்தை உடெர்சோ அப்படித்தான் வரைந்தார்.